அழிந்த விலங்கை மீண்டும் பாலைக்கு அனுப்புவது எப்படி?

ஓர் இனம் இயற்கையில் அடியோடு அழிந்த பிறகும் உலகத்தில் இருக்க முடியும். அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை இரலை அப்படித்தான் பத்து ஆண்டுகள் இருந்தது. ஓமன் நாட்டின் ஜித்தத் அல்-ஹராசிஸ் என்ற கல்பாலையில் 1972-ல் வேட்டைக்காரர்கள் கொன்றதுதான் கடைசிக் காட்டு ஓரிக்ஸ். ஆனால் அதே சமயத்தில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் விலங்குக் காட்சிசாலையில், அதன் கன்றுகள் பிறந்துகொண்டிருந்தன. 1982 ஜனவரியில் அந்த மந்தையின் வழியில் வந்த 10 விலங்குகள், கடைசி ஓரிக்ஸ் செத்த அதே பாலையில் விடப்பட்டன.

அழியும் நிலையில் உள்ள விலங்கில் சிலவற்றைப் பிடித்து, பாதுகாப்பான இடத்தில் அடைத்து வளர்த்து, இனம் பெருகிய பின் அதன் பழைய வாழிடத்திலேயே விடுவதைத்தான் காப்பிட இனப்பெருக்கம், மறு அறிமுகம் என்கிறார்கள். சொல்லும்போது இரண்டே வேலை. பெரும்பாலானோர் முதல் வேலைதான் கடினம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஓரிக்ஸ் போன்ற விலங்கு தீவனமும் நிழலும் கிடைத்தால் தானாகவே குட்டி போடும். சிக்கல் எல்லாம் கதவைத் திறக்கும் நாளில்தான் ஆரம்பிக்கிறது.

பாலைவன விலங்குகள் ஏன் இவ்வளவு வேகமாக அழிகின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாலையில் ஒரே இடத்தில் எப்போதும் புல் இருக்காது. எங்கோ ஒரு மழை பெய்தால் அங்கே சில மாதம் பசுமை, அப்புறம் வேறெங்கோ. அதனால் சில நூறு விலங்குகள் வாழவே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் வேண்டும். விலங்குகள் சிதறி, எண்ணிக்கையில் குறைவாகத்தான் இருக்கும். ஒளிந்துகொள்ள மரமோ புதரோ கிடையாது. ஒட்டகத்தில் ஏறி வேட்டையாடிய காலத்தில் ஓரிக்ஸுக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்தது. ஜீப்பும் தானியங்கித் துப்பாக்கியும் வந்த பிறகு அது போய்விட்டது. சஹாராவின் தென் ஓரத்தில் ஒரு காலத்தில் பெரும் மந்தைகளாகத் திரிந்த வளைகொம்பு ஓரிக்ஸுக்கும் இதே கதிதான். அதற்குப் போர்களும் கால்நடைப் பெருக்கமும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. 2000-ல் அதை இயற்கையில் அழிந்த இனம் என்று அறிவித்தார்கள்.

ஒன்பது விலங்குகளில் தொடங்கிய மந்தை

அரேபிய ஓரிக்ஸைக் காப்பாற்ற 1962-ல் ஒரு பயணம் புறப்பட்டது. லண்டனில் இயங்கிய விலங்கினப் பாதுகாப்புச் சங்கம் ஏற்பாடு செய்த இதற்கு 'ஆபரேஷன் ஓரிக்ஸ்' என்று பெயர். இயன் கிரிம்வுட் என்பவர் தலைமையில் சென்ற குழு, இன்றைய ஏமனின் கிழக்குப் பகுதியில் தேடித் தேடி நான்கே விலங்குகளைப் பிடித்தது. அதில் ஒன்று செத்துவிட்டது. மிச்சம் இரண்டு ஆண், ஒரு பெண். லண்டன் காட்சிசாலை ஒன்று கொடுத்தது, குவைத் ஆட்சியாளர் ஒன்று கொடுத்தார், சவூதி மன்னர் நான்கு கொடுத்தார். ஆக ஒன்பது. பாலைவனத் தட்பவெப்பம் ஒத்துப்போகும் என்பதால் ஃபீனிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மந்தைக்கு 'உலக மந்தை' என்றே பெயர் வந்தது.

ஒன்பதிலிருந்து நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டால் இனம் பிழைத்துவிட்டதாகத்தானே அர்த்தம்? முழுக்க அப்படி இல்லை. ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஒன்பது சீட்டை மட்டும் உருவிக்கொண்டு மற்றதைத் தொலைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பதை எத்தனை ஆயிரம் பிரதி எடுத்தாலும், எப்படிக் கலைத்துப் போட்டாலும், தொலைந்த சீட்டு திரும்ப வராது. மரபணுக்களும் அப்படித்தான். ஒரு நோயைத் தாங்கும் திறன் அந்த ஒன்பது விலங்குகளில் எதிலும் இல்லை என்றால், அது அந்தச் சந்ததியிலும் வர வாய்ப்பு மிகக் குறைவு. மந்தையைத் தொடங்கிவைக்கும் இந்த முதல் விலங்குகளை மூல விலங்குகள் எனலாம். மங்கோலியாவின் தாகி என்ற காட்டுக்குதிரை இனம் முழுவதும் ஏறக்குறைய ஒரு டஜன் மூலக் குதிரைகளின் வாரிசுதான்.

இருக்கிற கொஞ்சத்தையும் இழக்காமல் இருப்பதற்கு ஒரு கருவி உண்டு. அதுதான் வம்சாவளிப் பதிவேடு. உலகத்தில் எந்தக் காட்சிசாலையில் எந்த விலங்கு பிறந்தது, தாய் யார், தகப்பன் யார் என்று ஒவ்வொன்றையும் எண் போட்டு எழுதி வைப்பார்கள். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று முடிவு செய்வது இந்தப் பதிவேட்டை வைத்துத்தான். அழகான கொம்பு, திடமான உடம்பு என்று பார்த்துச் சேர்ப்பதில்லை. மந்தையில் யாருக்கு உறவினர்கள் குறைவோ அந்த விலங்குக்குத்தான் முன்னுரிமை, ஏனென்றால் அதனிடம்தான் மற்றவற்றிடம் இல்லாத மரபணு இருக்கக் கூடும். நிறையக் குட்டி போட்டுத் தள்ளும் ஆணை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு குட்டியும் தராத கிழட்டு ஆணுக்கு ஜோடி தேடுவார்கள். பண்ணைக்காரர் செய்வதற்கு நேர் எதிரான வேலை இது.

நெருங்கிய உறவில் சேர்ந்தால் குட்டிகள் பலவீனமாகும் என்பது தெரிந்த விஷயம். அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கமும் உண்டு. ஓமனில் விடப்பட்ட ஓரிக்ஸ்களை ஆராய்ந்தபோது, மிக நெருங்கிய சேர்க்கையில் பிறந்த கன்றுகளும் அதிகம் பிழைக்கவில்லை, மரபுவழியில் மிகத் தொலைவான பெற்றோருக்குப் பிறந்தவையும் அதிகம் பிழைக்கவில்லை என்று தெரிந்தது. ஆகவே 'எவ்வளவு கலக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்பதும் சரியான விதி இல்லை.

தாகி குதிரைக்கு வேறொரு வழியும் முயன்று பார்த்தார்கள். சான் டியேகோ காட்சிசாலையின் உறைநிலைச் சேமிப்பில் 1980-ல் வைத்த ஓர் ஆண் குதிரையின் செல்லிலிருந்து 2020-ல் ஒரு குட்டியைக் குளோனிங் முறையில் பிறக்க வைத்தார்கள். மந்தையில் அருகிவிட்ட மரபணுக்கள் அந்தச் செல்லில் இருந்ததுதான் காரணம். இதைப் பற்றிய பரபரப்பு கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். ஆனால் செல்லை எடுத்து உறைய வைப்பது பெரிய செலவு இல்லாத, புத்திசாலித்தனமான வேலை.

வளர்ப்பதே கடினமான சில உயிர்கள்

ஓரிக்ஸ் தானாகக் குட்டி போடும் என்றேன். எல்லாம் அப்படி இல்லை. தார் பாலைவனத்தின் கானமயில் என்ற பெரிய தரைப்பறவை பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டை இடும், அதுவும் தரையில். காட்டில் இருப்பவை ஏறக்குறைய 150-தான். ராஜஸ்தானில் 2019-ல் காட்டுக் கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்து, அடைகாக்கும் கருவியில் பொரிக்க வைத்துத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வளர்ந்த பறவையைப் பிடித்தால் காட்டில் ஒன்று குறையும். முட்டையை எடுத்தால் தாய் மறுபடி முட்டையிட வாய்ப்பு உண்டு என்பதுதான் கணக்கு. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பொரிந்தது. அதற்காக ஓர் ஆண் பறவையைப் பொம்மைப் பெண் பறவையுடன் பழக்கி, விந்தை எடுத்து, தொலைவில் உள்ள இன்னொரு மையத்தில் இருந்த பெண்ணுக்குச் செலுத்தினார்கள்.

அமெரிக்காவின் மோஹாவி பாலைவனத்தின் ஆமைக்கு விஷயமே வேறு. அங்கே முட்டை பொரிப்பது பிரச்சினை இல்லை. முட்டை இருக்கும் வெப்பநிலைதான் குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது, குளிர்ச்சியாக இருந்தால் ஆண், சூடாக இருந்தால் பெண், இதை அடைகாக்கும் கருவியில் கவனித்துக்கொள்ளலாம். பிரச்சினை அண்டங்காக்கை. மனிதர்கள் கொட்டும் குப்பையும் ஒழுகும் தண்ணீரும் கிடைப்பதால் பாலைக்குள் அண்டங்காக்கைகள் பெருகிவிட்டன. குட்டி ஆமையின் ஓடு முதல் சில ஆண்டுகள் மெல்லியது, கொத்தினால் உடைந்துவிடும். எனவே சில ஆண்டுகள் உள்ளே வைத்து, ஓடு கெட்டியான பின் விடுகிறார்கள். குளிர்காலத்தில் உறங்க விடாமல் சூடான அறையில் தீனி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வளர்கின்றன. இந்த முறையில் பெற்றோரை நிரந்தரமாக அடைத்து வைக்கத் தேவையில்லை, ஆபத்தான இளமையை மட்டும் மனிதர் பார்த்துக்கொள்கிறார்கள்.

பாலைவனத்தில் மீனும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நெவாடாவில் 'டெவில்ஸ் ஹோல்' என்ற ஒரே ஒரு வெந்நீர்க் குழியில் மட்டும் வாழும் பப்ஃபிஷ் இனம் 2013-ல் 35 மீன்களாகச் சுருங்கியது. அந்தக் குழியின் மேல்பகுதியை, அதன் பாறைத் திட்டு, வெந்நீர் உட்பட, அருகிலேயே ஒரு பெரிய தொட்டியாக அப்படியே செய்து அதில் ஒரு மாற்றுக் கூட்டத்தை வளர்த்து வருகிறார்கள்.

பயப்படக் கற்றுக்கொடுப்பது

அடைப்பில் பிறந்த விலங்குக்குத் தீனி நேரத்துக்கு வரும். எதிரி கிடையாது. மனிதன் என்றால் வாளியில் தண்ணீர் கொண்டு வருபவன். இப்படி வளர்ந்ததை நேரடியாகப் பாலையில் விட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துச் சிறு விலங்குகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அங்கே நரியும் பூனையும் ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டவை. பில்பி, மாலா போன்ற விலங்குகளுக்கு அவற்றை எதிரி என்று அடையாளம் தெரியவில்லை. பில்பி என்பது வளை தோண்டி வாழும், நீண்ட காதுள்ள சிறு பைவிலங்கு. மாலா என்பது முயல் அளவே உள்ள ஒரு சின்ன வல்லபி, அதாவது கங்காரு குடும்பத்து விலங்கு. 1990-களில் அடைப்பு மாலாக்களுக்கு முன்னால் நரி, பூனை உருவங்களை நிறுத்தி, அதோடு சேர்த்துப் பயமுறுத்தும் அனுபவத்தையும் கொடுத்துப் பயிற்றுவித்தார்கள். அவை அந்த உருவங்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கக் கற்றுக்கொண்டன. ஆனால் பொம்மையைக் கண்டு பயப்படுவதும் உண்மை வேட்டை நடக்கும்போது பிழைப்பதும் ஒன்றா என்ற கேள்வி இருந்தது.

தெற்கு ஆஸ்திரேலியாவில் அரிட் ரிகவரி என்ற வேலியிட்ட சரணாலயம் இன்னும் துணிச்சலாக யோசித்தது. வேலிக்குள் சில பில்பிகளோடு கொஞ்சம் பூனைகளையும் வேண்டுமென்றே இருக்க விட்டார்கள். சில பில்பிகள் சாகும், மீதி பாடம் படிக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பூனைகளோடு வாழ்ந்தவற்றையும், பூனையே பார்க்காதவற்றையும் பூனை நடமாட்டம் உள்ள இடத்தில் சேர்த்து விட்டபோது, முதல் கூட்டம் கூடுதலாகப் பிழைத்தது. பாதுகாக்க வேண்டிய விலங்கைச் சாக விடுவதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முழுப் பாதுகாப்பில் வளர்த்து வெளியே அனுப்பி மொத்தத்தையும் பறிகொடுப்பதைவிட இது மேல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலிபோர்னிய காண்டோர் என்ற பிணந்தின்னிக் கழுகின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1987-ல் காட்டில் மிச்சமிருந்த கடைசிப் பறவைகளையும் பிடித்து அடைத்தார்கள். குஞ்சுகள் மனிதரைத் தாயாக நினைத்துவிடக் கூடாது என்று கழுகுத் தலை போன்ற கையுறைப் பொம்மையால் ஊட்டினார்கள். வெளியே விட்டவை மின்கம்பிகளில் மோதிச் சாகவே, அடைப்புக்குள் போலி மின்கம்பங்களை நட்டு, உட்கார்ந்தால் லேசாக மின் அதிர்ச்சி வரும்படி செய்து, கம்பத்தை வெறுக்கப் பழக்கினார்கள். 1996-லிருந்து அரிசோனாவின் வறண்ட செம்பாறைப் பள்ளத்தாக்குகளிலும் அவை பறக்கின்றன.

கதவைத் திறக்கும் முறை

அனுபவம் கற்றுத்தந்த முறை இதுதான்: விடப்போகும் இடத்திலேயே ஓர் அடைப்பு கட்டி, விலங்குகளை அங்கே பல மாதம் வைத்திருப்பது. வெயில், மண், செடி எல்லாம் பழகும். அதைவிட முக்கியம், அவை ஒரு மந்தையாகக் கூட வேண்டும். ஓமனில் யாலூனி என்ற இடத்தில் ஒரு சதுர கிலோமீட்டர் அடைப்பில் ஓரிக்ஸ்களை விட்டு, யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்ற வரிசை அவற்றுக்குள் உருவாகும்வரை காத்திருந்தார்கள். தனித்தனியாக விட்டிருந்தால் ஆளுக்கொரு திசையில் போய்ச் செத்திருக்கும். அந்தப் பாலையில் வாழும் ஹராசிஸ் பழங்குடியினரையே காவலர்களாக வேலைக்கு எடுத்தார்கள். மணலிலும் கல்லிலும் தடம் பார்த்து மந்தையைப் பின்தொடர அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

எந்தப் பருவத்தில் விடுவது என்பதும் பெரிய விஷயம். சாட் நாட்டின் ஊவாதி ரிமே – ஊவாதி அச்சிம் காப்பகத்தில் வளைகொம்பு ஓரிக்ஸை முதன்முதலாக விட்டது 2016 ஆகஸ்டில், அதாவது மழையில் புல் தளிர்த்திருந்த நேரத்தில். அபுதாபி சுற்றுச்சூழல் முகமை பல நாடுகளிலிருந்து திரட்டிய மந்தையிலிருந்து போனவை அவை. கழுத்துப் பட்டையில் செயற்கைக்கோள் கருவி கட்டி விட்டதால் எங்கே போகின்றன, எது அசையாமல் கிடக்கிறது என்று தெரிந்தது. 2023-ல் அந்த இனத்தின் நிலையை 'இயற்கையில் அழிந்தது' என்பதிலிருந்து 'அழியும் அபாயத்தில் உள்ளது' என்று மாற்றினார்கள். பெயரைக் கேட்டால் சோகமாக இருக்கும், ஆனால் இது மேலே ஏறியதற்கான அடையாளம். அந்தக் காப்பகத்தின் பரப்பு ஏறக்குறைய 78,000 சதுர கிலோமீட்டர். பாலைக்கு இந்த அளவு தேவைதான்.

இடம் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சவூதியின் மஹாசத் அஸ்-ஸய்த் உதாரணம். சுமார் 2,200 சதுர கிலோமீட்டரைச் சுற்றி வேலி போட்டு 1990-ல் ஓரிக்ஸ்களை விட்டார்கள். வேலி வேட்டைக்காரர்களைத் தடுத்தது, உள்ளே எண்ணிக்கை நன்றாகப் பெருகியது. அப்புறம் மழை பொய்த்த ஆண்டுகள் வந்தன. வேலி இல்லாவிட்டால் அவை மழையைத் தேடி வேறெங்காவது போயிருக்கும். இங்கே வேலி ஓரத்தில் நின்று நூற்றுக்கணக்கில் செத்தன. வேலி இல்லாவிட்டால் துப்பாக்கி, வேலி போட்டால் வறட்சி.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் விடுவதும் ஆபத்து. கோபிப் பாலையில் 2009–10 குளிர்காலம் கடும் பனியோடு வந்தபோது, அங்கே விட்டிருந்த தாகிக் குதிரைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போயின. மங்கோலியாவின் மற்ற இடங்களிலும் குதிரைகள் இருந்ததால்தான் திட்டம் தாக்குப்பிடித்தது.

சில தோல்விகள் உடனே கண்ணுக்குத் தெரியாது. மோஹாவியில் ராணுவப் பயிற்சித்தளம் விரிவானபோது அங்கிருந்த ஆமைகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்தும் பல உயிரோடு நடமாடின, பார்க்கிறவர் வெற்றி என்றுதான் சொல்வார். குட்டிகளின் மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், தகப்பன் தெரிந்த ஒவ்வொரு குட்டிக்கும் தகப்பன் உள்ளூர் ஆண்தான். புதிதாக வந்த ஆண்களுக்கு ஒரு வாரிசுகூட இல்லை.

ஓமன் கதையின் மீதி

யாலூனியில் விட்ட ஓரிக்ஸ் பெருகி 1990-களின் நடுவில் 400-ஐத் தாண்டியது. 1994-ல் அந்தச் சரணாலயத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. 1996-ல் திருட்டு தொடங்கியது. இந்த முறை கொல்வதற்காக அல்ல, தனியார் விலங்குச் சேகரிப்புகளுக்கு உயிரோடு விற்பதற்காக. நல்ல விலை கிடைப்பது பெண்ணுக்கும் கன்றுக்கும் என்பதால் மந்தையில் ஆண்களே மிஞ்சினார்கள். துரத்திப் பிடிக்கும்போதே பல செத்தன. சில ஆண்டுகளுக்குள், பாடுபட்டு வெளியே விட்ட விலங்குகளில் மிச்சத்தைப் பிடித்து மறுபடி அடைப்புக்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிறகு எண்ணெய், எரிவாயுத் தேடலுக்காக அரசு சரணாலயப் பரப்பை 90 சதவீதம் குறைத்தது. 2007-ல் யுனெஸ்கோ அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் அது.

இங்கே இனப்பெருக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. விலங்கு பாலையில் வாழத் தெரிந்துகொண்டது, குட்டி போட்டது, தலைமுறை கண்டது. அழிவுக்குக் காரணமான மனிதன் மட்டும் அங்கேயே இருந்தான். கானமயிலுக்கும் இதே கேள்விதான் காத்திருக்கிறது. முன்னால் உள்ளதைச் சரியாகப் பார்க்க முடியாத கண் அமைப்பு, கனத்த உடம்பு, சட்டென்று திரும்ப முடியாது. ஜெய்சல்மேர் சுற்றுவட்டாரத்தில் சூரிய, காற்றாலை மின்சாரத்துக்காகப் போட்ட உயரழுத்தக் கம்பிகளில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2024-ல் அதைத் தளர்த்தி ஒரு நிபுணர் குழுவிடம் விட்டது. மையத்தில் குஞ்சுகள் பொரிந்துகொண்டிருக்கின்றன. கம்பிகளும் நிற்கின்றன.

அரேபிய ஓரிக்ஸ் 2011-ல் 'எளிதில் பாதிப்படையக் கூடியது' என்ற நிலைக்கு ஏறியது. இயற்கையில் முற்றிலும் அழிந்து, பிறகு இவ்வளவு தூரம் மீண்ட முதல் இனம் அது. இன்றும் அடைப்பில் இருப்பவை வெளியில் இருப்பவற்றைவிடப் பல மடங்கு. வளைகொம்பு ஓரிக்ஸின் நிலை இன்னும் விநோதம்: அமெரிக்காவின் டெக்சாஸ் தனியார் பண்ணைகளில் அவை ஆயிரக்கணக்கில் மேய்கின்றன, பணம் கட்டினால் அங்கே வேட்டையும் ஆடலாம். சஹாராவின் ஓரத்தில் இருப்பது சில நூறு. விலங்குக்குப் பஞ்சமில்லை. அவற்றை விட்டால் சுடாமல், பிடிக்காமல், மழை பெய்த பக்கம் நடந்துபோக விடுகிற நிலம் எங்கே என்பதைத்தான் இப்போது ஒவ்வொரு திட்டமும் முதலில் தேடுகிறது.